காகிதத்தில் லெக்கிங்ஸ், பெட்டிக்குள் பட்டாசு!

சிவகாசியை ஒட்டிய ஊர் நாரணாபுரம். பொழுது விடிந்ததும் அந்த ஊரில் முதலில் கண்ணில் படுவது, கையில் தூக்குச் சட்டியுடன் வேலைக்குப் புறப்படும் பெண்கள்தாம். சிலர் பட்டாசு ஆலைக்குப் போகிறார்கள். சிலர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார்கள். சிலருக்கு அச்சகத்தில் வேலை. குழாய் உருட்டுவது, திரி செருகுவது, லேபிள் ஒட்டுவது, பெட்டி அடுக்குவது என்று ஆளுக்கு ஒரு வேலை. பெரும்பாலும் எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி. தீபாவளி விற்பனை நன்றாக நடந்தால் வீட்டில் நாலு காரியம் நடக்கும். கல்யாணக் கடனில் ஒரு பகுதி அடையும். பையனின் காலேஜ் சம்பளம் கட்டப்படும். விற்பனை படுத்துவிட்டாலோ, அடுத்த ஆண்டு வரைக்கும் அந்த வீட்டில் வட்டிதான் வளரும்.

இந்தப் பெண்களுக்கும், மும்பைக்கு அருகே உள்ள நவசேவா துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா பூர்த்தி செய்யும் படிவத்துக்கும் என்ன சம்பந்தம்? வெளிப் பார்வைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் 2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம், தீபாவளியை ஒட்டி, அந்தச் சம்பந்தம் பகிரங்கமாக வெளிப்பட்டது.

சீனாவிலிருந்து நாற்பது அடி நீளக் கன்டெய்னர் ஒன்று நவசேவாவில் வந்து இறங்கியது. அது குஜராத்தில் உள்ள அங்கலேஷ்வருக்குப் போக வேண்டிய சரக்கு. உள்ளே இருப்பது "லெக்கிங்ஸ்" என்று பத்திரங்கள் சொல்லின. பெண்கள் காலோடு ஒட்டி அணியும் அந்தப் பின்னல் உடையை இன்று அறியாதவர் இல்லை. வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகத்தின் அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்தது. கதவைத் திறந்தார்கள். முன்வரிசையில் லெக்கிங்ஸ் இருக்கத்தான் செய்தது. அதை விலக்கினால், பின்னால் முழுவதும் பட்டாசு! மொத்தம் 46,640 உருப்படிகள். மதிப்பு 4 கோடியே 82 லட்சம் ரூபாய்.

அதே மாதத்தில் தூத்துக்குடித் துறைமுகத்திலும் இதே நாடகம் நடந்தது. அங்கே இரண்டு கன்டெய்னர்கள். பத்திரத்தில் எழுதியிருந்தது பொறியியல் சாமான்கள் என்று. முன்னால் சிலிக்கோன் பசை அடிக்கும் கருவிகள்; அவற்றுக்குப் பின்னால் 83,520 சீனப் பட்டாசுகள். மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு மேல். சிவகாசியிலிருந்து கோவில்பட்டி வழியாகப் போனால் இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய துறைமுகம் அது. நாரணாபுரத்தின் வாசலுக்கே வந்துவிட்ட கள்ளச் சரக்கு என்று சொன்னால் தவறாகாது.

பிடிபட்டது நல்ல செய்தி. பிடித்த அதிகாரிகள் பாராட்டுக்கு உரியவர்கள். ஆனால் இந்தச் செய்தியை ஒரு நாள் படித்துவிட்டு மறந்துவிடுவதற்கில்லை. பட்டாசைக் கடத்தியவர்கள் அதற்கு ஏன் பெண்களின் உடையைப் போர்த்தினார்கள் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

பெயருக்குத்தான் தீர்வை

கப்பலில் வரும் எந்தச் சரக்கும் பெயர் இல்லாமல் கரையேற முடியாது. பெயர் என்றால் கடைத்தெருவில் வழங்கும் பெயர் போதாது. தீர்வை அட்டவணையில் அதற்கு உரிய இடமும் எண்ணும் வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் எவ்வளவு தீர்வை, லைசென்ஸ் வேண்டுமா, தடை உண்டா, சோதனை உண்டா என்பதெல்லாம் முடிவாகிறது.

இந்த எண் முறையை வகுத்தது பெல்ஜியத்தின் தலைநகரான புருஸ்ஸெல்ஸில் உள்ள உலகச் சுங்க அமைப்பு. 1988-ம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்று 200-க்கும் மேற்பட்ட நாடுகளும் வாணிபப் பகுதிகளும் இதைப் பின்பற்றுகின்றன. முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுவதற்கும் பொது. அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குச் சேர்த்துக்கொள்ளலாம். இந்தியா எட்டு இலக்கங்களை வைத்திருக்கிறது. 1975-ம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் அட்டவணையில் இவை எல்லாம் அடங்கியுள்ளன.

அந்த அட்டவணையில் வெடிமருந்தும் பட்டாசும் தீப்பெட்டியும் 36-வது அத்தியாயம். பனியன் போலப் பின்னிய துணியில் தைத்த ஆடைகள் 61-வது அத்தியாயம். தறியில் நெய்த துணியில் தைத்த ஆடைகள் 62-வது அத்தியாயம். நவசேவாவில் நடந்த மோசடியை ஒரே வரியில் சொல்வதானால், 36-வது அத்தியாயத்துச் சரக்கு 61-வது அத்தியாயத்துப் பெயரோடு உள்ளே நுழையப் பார்த்தது.

இடமா, வலமா?

உடைகளுக்கு உரிய அத்தியாயங்களைப் புரட்டிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஒரு சட்டை ஆணுடையதா பெண்ணுடையதா என்று எப்படி முடிவு செய்வது? சட்டம் ஒரு வழி சொல்கிறது. முன்பக்கம் திறந்து மூடும் ஆடையில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் படிந்தால் அது ஆண்களின் ஆடை. வலப்பக்கத் துணி இடப்பக்கத்தின் மேல் படிந்தால் அது பெண்களின் ஆடை. தைத்திருக்கும் விதத்திலிருந்தே வேறு விதமாகத் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் இந்த விதி பொருந்தாது. இரண்டில் எது என்று எந்த வகையிலும் சொல்ல முடியாவிட்டால்? அப்போது அதைப் பெண்களின் ஆடையாகவே கொள்ள வேண்டும் என்பது விதி!

குழந்தை ஆடைக்கும் கணக்கு உண்டு. 86 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்படாத குழந்தை அணிவதுதான் குழந்தை ஆடை. அதற்கு மேல் ஒரு விரற்கடை வளர்ந்துவிட்டால் அந்தக் குழந்தையின் கவுனும் வேறு தலைப்புக்குப் போய்விடும். பின்னல் துணியில் தைத்த சட்டையில் இடுப்புக்குக் கீழே பை வைத்திருந்தால் அது சட்டைத் தலைப்பில் சேராது. ஒரு சென்டிமீட்டருக்குச் சராசரி பத்துக் கண்ணிக்குக் குறைவாகப் பின்னியிருந்தாலும் சேராது. ஆகவே சுங்க இலாகா ஊழியர் கையில் பூதக் கண்ணாடியோடு கண்ணி எண்ண வேண்டிய நிலை கூட ஏற்படலாம்.

நம் ஊர்ச் சேலையின் கதை இன்னும் விசித்திரமானது. கோடானுகோடிப் பெண்கள் தினமும் கட்டுகிறார்கள். ஆனால் தீர்வை அட்டவணையில் அது தைத்த ஆடையோடு சேராது. வெட்டாமல், தைக்காமல், தறியிலிருந்து வந்தபடியே இருப்பதால் சேலை வெறும் துணியாகவே கருதப்படுகிறது. பட்டுச் சேலை பட்டுத் துணியோடும், பருத்திச் சேலை பருத்தித் துணியோடும், செயற்கை இழைச் சேலை அதற்கு உரிய துணியோடும் சேர்ந்திருக்கின்றன.

இது வெறும் புத்தகச் சண்டை என்று யாரும் நினைக்க வேண்டாம். பணம் இதில்தான் இருக்கிறது. சரக்கு மற்றும் சேவை வரியில் 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் உள்ள ஏற்பாட்டைப் பாருங்கள். ஓர் உருப்படி 2,500 ரூபாய்க்கு மேற்படாத தைத்த ஆடைக்கு 5 சதவிகிதம் வரி. அந்த விலையைத் தாண்டினால் 18 சதவிகிதம். சேலையோ துணி இனத்தில் சேர்ந்திருப்பதால், முப்பதாயிரம் ரூபாய்ப் பட்டுச் சேலைக்கும் 5 சதவிகிதமே. மூவாயிரம் ரூபாய்ச் சுடிதாருக்கு 18 சதவிகிதம்! ஊசியும் நூலும் படுகிற இடத்தில் வரி மாறுகிறது.

இப்படிப்பட்ட வழக்கு ஆடையோடு நிற்கவில்லை. சிறு புட்டிகளில் அடைத்த தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயா என்ற தகராறு சேலம் வரி அதிகாரிகளிடமிருந்து கிளம்பி ஆண்டுக் கணக்கில் நடந்தது. 2018-ல் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட கருத்துக் கூறினார்கள். 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் கூடித்தான், சிறு புட்டியில் இருந்தாலும் அது சமையல் எண்ணெயாக இருக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

அமெரிக்காவிலும் இந்தத் தொல்லை உண்டு. அங்கே ஒரு வகைத் தோல் கையுறை ஆண்களுக்கு உரியதானால் 14 சதவிகிதத் தீர்வை. மற்றவர்களுக்கு உரியதானால் 12.6 சதவிகிதம். ஆண் பெண் என்று பார்த்துத் தீர்வை விதிப்பது பாரபட்சம் என்று டோட்ஸ்-ஐசோடோனர் என்ற கம்பெனி சர்க்கார் மேல் வழக்குத் தொடுத்தது. தீர்வை விகிதங்கள் வேறுபடுவதாலேயே பாரபட்சம் செய்யும் நோக்கம் இருந்தது என்று கொள்ள முடியாது என்று கூறி, 2010-ல் அப்பீல் கோர்ட்டு அந்த வாதத்தை ஏற்க மறுத்துவிட்டது.

விலையில் விளையாட்டு

பெயரை மாற்றுவது ஒரு தந்திரம். விலையைக் குறைத்து எழுதுவது மற்றொரு தந்திரம். தீர்வை நூற்றுக்கு இத்தனை என்று இருந்தால், ஐந்நூறு ரூபாய் உடுப்பை அறுபது ரூபாய் என்று எழுதிவிடுவார்கள். இதைத் தடுக்கத்தான் பல ஆடை இனங்களுக்கு "நூற்றுக்கு இவ்வளவு, அல்லது உருப்படிக்கு இத்தனை ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது" என்று விதித்திருக்கிறார்கள். ஓர் உதாரணம் பார்க்கலாம். 20 சதவிகிதம் அல்லது உருப்படிக்கு 100 ரூபாய் என்று தீர்வை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அறுபது ரூபாய் என்று பொய் எழுதியவர் 12 ரூபாய் கட்டிவிட்டுத் தப்ப முடியாது. 100 ரூபாய் கட்டியாக வேண்டும். 2025-ம் ஆண்டு பட்ஜெட்டில் ஒன்பது வகைப் பின்னல் துணிகளுக்கும் இதே முறை வந்தது. 20 சதவிகிதம் அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது.

திருப்பூரில் பின்னல் இயந்திரம் ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் நன்றாகப் புரியும். 2018-ல் முந்நூறுக்கும் மேற்பட்ட ஜவுளி இனங்களின் தீர்வை 10 சதவிகிதத்திலிருந்து 20 சதவிகிதமாக உயர்ந்தபோது அவருடைய வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அந்தத் தீர்வை பெயரில் ஏமாற்றாமல் வசூலானால்தான் அதற்கு அர்த்தம் உண்டு.

இவ்வளவு சிக்கலான அட்டவணையில், நேர்மையான வியாபாரியும் தவறிவிடக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. விருதுநகரிலோ மதுரையிலோ ஒரு சிறு கடைக்காரர் பெண்கள் மேலாடை இருநூறு உருப்படி வரவழைக்கிறார். இடுப்புக்குக் கீழே பை இருப்பதைக் கவனிக்காமல் தலைப்பை மாற்றி எழுதிவிடுகிறார். சரக்கு துறைமுகத்தில் முடங்குகிறது. நாளுக்கு நாள் வாடகை ஏறுகிறது. அவருக்குத் தண்டனையைவிட வழிகாட்டுதல்தான் தேவை. ஆனால் லெக்கிங்ஸ் என்று எழுதிப் பட்டாசை அனுப்பியது கைத்தவறு ஆகாது. கண்ணி எண்ணுவதில் பிசகியவருக்கும், கண்ணி வெடியைப் போலச் சரக்கை ஒளித்தவருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சட்டம் பார்க்கத்தான் வேண்டும்.

ஏன் இந்த வேஷம்?

பட்டாசை ஏன் பட்டாசு என்றே சொல்லிக் கொண்டுவரவில்லை? கொண்டுவர முடியாது என்பதுதான் காரணம். இந்திய வாணிபக் கொள்கையில் பட்டாசு, கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட இறக்குமதி. அயல்நாட்டு வாணிபத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும். 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி லைசென்சும் வேண்டும். லெக்கிங்சுக்கு இந்தத் தடை ஏதும் இல்லை. தீர்வையைக் கட்டினால் போதும். துறைமுகங்களில் தினமும் ஆயிரக்கணக்கில் வந்து குவியும் கன்டெய்னர்களில் ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பது நடக்கிற காரியமா? சந்தேகத்துக்கு இடமான சிலவற்றைத்தான் திறக்கிறார்கள். ஆகவே சந்தேகமே வராத பெயர் எது என்று தேடி எடுக்கிறார்கள். பெண்கள் உடையைவிடச் சாதுவான பெயர் வேறு கிடைக்குமா?

இதில் நஷ்டம் சர்க்காருக்கு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. உயிருக்கும் ஆபத்து இருக்கிறது. கள்ளச் சீனப் பட்டாசுகளில் ஈயச் செந்தூரம், தாமிர ஆக்ஸைடு, லிதியம் போன்ற கேடு செய்யும் பொருள்கள் இருப்பதாக அதிகாரிகள் எச்சரித்திருக்கிறார்கள். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த வெடிமருந்துக் கலவையை இந்தியா 1992-ம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. காரணம், அந்தக் கலவை சிறு உராய்விலும் சீறிவிடும். வெளியிலிருந்து வரும் கள்ளச் சரக்கில் என்ன கலந்திருக்கிறது என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

கிரேனில் கன்டெய்னரைத் தூக்குகிற தொழிலாளிக்கு உள்ளே துணி என்றுதான் சொல்லப்படுகிறது. வெயிலில் மணிக்கணக்காக லாரி ஓட்டுகிற டிரைவருக்கும் துணி என்றுதான் சொல்லப்படுகிறது. தீப்பிடித்தால் அணைக்க ஓடிவரும் தீயணைப்பு வீரரும் துணிதானே என்று கிட்டே போவார். வெடிபொருள் என்று தெரிந்தால் அவர் நிற்கிற தூரமே வேறு. அணைக்கிற முறையே வேறு. 2019-ம் ஆண்டு மே மாதம் தாய்லாந்தின் லாம் சபாங் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பல் பற்றி எரிந்தது. உள்ளே இருந்த இரசாயனங்களை உள்ளபடி அறிவிக்காமல் ஏற்றியிருந்தார்கள் என்பது பிறகு வெளியாயிற்று. பலர் சிகிச்சைக்குப் போக நேர்ந்தது. பத்திரத்தில் எழுதும் ஒரு பொய் எத்தனை பேரைச் சுடும் என்பதற்கு அந்தச் சம்பவம் ஒரு சாட்சி.

நூறு ஆண்டுக்கு முந்திய பாடம்

சிவகாசிக்குத் தீர்வை அட்டவணை புதிய விஷயம் அல்ல. சொல்லப்போனால், இன்றைய சிவகாசிக்கு வித்து ஊன்றியதில் அந்த அட்டவணைக்கும் பங்கு உண்டு.

முதல் உலகப் போருக்குப் பின்னர், ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த தீப்பெட்டிகள்தாம் இந்தியச் சந்தையில் கொழித்தன. கஜானாவுக்குப் பணம் தேடிய பிரிட்டிஷ் இந்திய சர்க்கார், 1922-ல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு குரோஸ் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் தீர்வை போட்டது. ஒரு குரோஸ் என்பது 144 பெட்டி. வருமானத்துக்காகப் போட்ட தீர்வை, உள்நாட்டுத் தொழிலுக்கு வேலியாக அமைந்தது. அந்தச் சமயத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். 1923-ல் ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்கள். வானம் பார்த்த பூமியில் பிழைப்புக்கு ஒரு வழி பிறந்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சுத் தொழிலும் வந்தன.

வேலி போட்டவுடனே வேலியைத் தாண்டும் வேலையும் தொடங்கிவிட்டது. ஸ்வீடிஷ் முதலாளிகள் 1923-ல் இங்கேயே விம்கோ கம்பெனியை அமைத்தார்கள். வேறு சிலர் செய்த யுக்தி அலாதியானது. தீப்பெட்டிக்குத்தானே தீர்வை? மருந்து முக்காத குச்சியைத் தனியாகவும், பெட்டி செய்யும் மெல்லிய மரத்தகட்டைத் தனியாகவும் வரவழைத்து, இங்கே ஒன்று சேர்த்துவிட்டார்கள்! பொருள் ஒன்றே, அட்டவணையில் பெயர் மட்டும் வேறு. இதைக் கண்ட சர்க்கார் 1924-ல் குச்சிக்கும் மரத்தகட்டுக்கும் தனித் தீர்வை போட்டது. பின்னர் தீர்வை வாரியம் விசாரித்து அறிக்கை கொடுத்தது. 1928-ல் தீப்பெட்டித் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

நூறு ஆண்டுக்குப் பின்னால் அதே கதை மறுபடியும் அரங்கேறியது. இந்தத் தடவை வந்தது பிளாஸ்டிக் சிகரெட் லைட்டர். பத்து ரூபாய் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று 2022 செப்டம்பரில் தமிழக முதல்-அமைச்சர் மத்திய சர்க்காருக்கு எழுதினார். 2023 ஜூன் மாதம், 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது. லைட்டரைத் தடுத்தால் என்ன? உதிரிப் பாகங்கள் வரத் தொடங்கின. 2024 அக்டோபரில் லைட்டரின் பாகங்களுக்கும் கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று. 1924-ல் குச்சியும் தகடும்; 2024-ல் லைட்டரின் பாகங்கள். ஆண்டுக் கணக்கு கூடச் சரியாகப் பொருந்தியிருக்கிறது!

சட்டம் போடுவதோடு சர்க்காரின் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதே இந்தப் பழைய பாடம். ஒரு வாசலை அடைத்தால், பக்கத்து வாசலில் ஒரு காவலாளி வேண்டும்.

நம் லேபிளும் நேராக இருக்கட்டும்

இவ்வளவும் சொல்லிவிட்டு, சிவகாசி வட்டாரம் தன் பெட்டியின் மேல் என்ன எழுதுகிறது என்பதைப் பார்க்காமல் விட்டால் நியாயம் ஆகாது.

2018 அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு பட்டாசில் பேரியம் உப்புக்களைச் சேர்க்கக் கூடாது என்றது. சரவெடிக்கும் தடை விதித்தது. குறைந்த மாசு உண்டாக்கும் பசுமைப் பட்டாசுகளுக்கு மட்டும் இடம் கொடுத்தது. 2021-ல் மத்தியப் புலனாய்வுத் துறையின் அறிக்கை கோர்ட்டின் முன் வந்தபோது, பேரியம் பயன்படுத்தியதும், லேபிளில் சொன்னதற்கு மாறாகப் பெட்டிக்குள் இருந்ததும் மேலெழுந்த பார்வைக்குத் தெரிகின்றன என்று கோர்ட்டு கவலை தெரிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் தடையை மீண்டும் உறுதி செய்தது.

லெக்கிங்ஸ் என்று எழுதிப் பட்டாசை வைப்பதும், பசுமைப் பட்டாசு என்று எழுதி வேறொன்றை வைப்பதும் ஒரே குணத்தின் இரண்டு முகங்கள். எல்லா உற்பத்தியாளரும் அப்படிச் செய்தார்கள் என்று சொல்வது அநியாயம். பரம்பரையாக நாணயத்தோடு தொழில் நடத்துகிறவர்கள் அங்கே ஏராளம். ஆனால் ஒரு சிலர் செய்த தவற்றுக்கு ஊர் முழுவதும் கோர்ட்டு வாசலில் நிற்க நேர்ந்தது. சீனக் கள்ளச் சரக்கை எதிர்த்து உரத்துப் பேச வேண்டுமானால், சொந்தப் பெட்டியைப் பற்றி எவரும் விரல் நீட்டாதபடி இருக்க வேண்டும். அதற்கு உரிய கருவி இன்று கையில் இருக்கிறது. பசுமைப் பட்டாசுப் பெட்டியில் அச்சிடும் கியூ.ஆர். குறியை வாங்குகிறவரே கைப்பேசியால் சோதித்துக்கொள்ளலாம்.

ஆலைக்குள் நடக்கும் விபத்தும் இதோடு சேர்ந்ததுதான். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்த வட்டாரத்தில் அதை மறந்தவர் யாரும் இல்லை. எந்த அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று லைசென்சில் எழுதியிருக்கிறது. காகிதத்தில் உள்ள எண்ணும் அறைக்குள் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால், மாலையில் தூக்குச் சட்டியோடு போனவள் தூக்குச் சட்டியோடு வீடு திரும்புவாள்.

மலிவு நல்லதுதானே?

ஒரு கேள்வி எழலாம். வெளிநாட்டுச் சரக்கு மலிவாகக் கிடைத்தால் வாங்குகிறவருக்கு லாபம்தானே? நாரணாபுரத்துப் பெண்ணும் மலிவான லெக்கிங்ஸ் வாங்குகிறாள் அல்லவா? அவளுக்கு வாங்கும் உரிமை இல்லையா?

நியாயமான கேள்விதான். உரிய தீர்வையைக் கட்டி, உரிய பெயரில் வரும் சரக்கோடு போட்டி போடுவதற்கு இந்தியத் தொழிலாளி பயப்படத் தேவையில்லை. 2011 முதல் தெற்காசிய வாணிப உடன்பாட்டின் கீழ் வங்காள தேசத்து ஆயத்த ஆடைகள் சுங்கத் தீர்வையின்றி வந்திருக்கின்றன. திருப்பூர் அதையும் சமாளித்து உலகச் சந்தையில் நிற்கிறது. 2025 மே மாதம் அந்த ஆடைகள் தரை வழியாக வரக் கூடாது, நவசேவா, கல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டும் வரலாம் என்று இந்தியா உத்தரவு போட்டது. இவை எல்லாம் வெளிப்படையான கொள்கை முடிவுகள். பிடிக்காதவர் எதிர்த்துப் பேசலாம். பார்லிமென்டில் கேள்வி கேட்கலாம். கள்ளப் பெயரில் வரும் சரக்கை எதிர்த்து யார் எங்கே பேசுவது? கணக்கிலேயே இல்லாத சரக்கை எந்த மந்திரியிடம் போய்க் கேட்பது?

அன்றியும், கள்ளப் பட்டாசின் மலிவு ஒரு மாயை. பாதுகாப்புச் செலவு அதில் இல்லை. வரி இல்லை. விபத்து நடந்தால் பொறுப்பு ஏற்க ஆள் இல்லை. சிவகாசி ஆலைக்காரர் அறைக்கு அறை இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். லைசென்ஸ் எடுக்க வேண்டும். சேமநலநிதி கட்ட வேண்டும். போனஸ் கொடுக்க வேண்டும். இந்தச் செலவை எல்லாம் செய்பவரையும், ஒன்றையும் செய்யாதவரையும் ஒரே கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது போட்டி ஆகுமா?

செய்ய வேண்டியவை

முதலாவது, காலம் பார்த்துக் காவல் போட வேண்டும். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் பூஜை போட்டுத் தீபாவளி வியாபாரம் தொடங்குகிறது. அன்றிலிருந்து தீபாவளி வரை, சீனாவிலிருந்து வரும் சந்தேகத்துக்கு உரிய கன்டெய்னர்களைத் திறக்காமலே ஊடுருவிப் பார்க்கும் எக்ஸ்-ரே சாதனத்தில் கூடுதலாகச் சோதிக்க வேண்டும். முன்வரிசையைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தும் பழக்கம் அந்த மூன்று மாதமாவது வேண்டாம்.

இரண்டாவது, தண்டனை கண்ணுக்குத் தெரிய வேண்டும். 1962-ம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின்படி பொய்ப் பெயரில் வந்த சரக்கைப் பறிமுதல் செய்யலாம், அபராதம் போடலாம், பெரிய குற்றமானால் ஏழு ஆண்டு வரை சிறைக்கு அனுப்பலாம். பிடித்த அன்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் செய்தி வருகிறது. வழக்கு என்ன ஆயிற்று என்ற செய்தி ஏன் வருவதில்லை? ஒவ்வொரு வழக்கின் முடிவையும் சர்க்கார் வெளியிட வேண்டும்.

மூன்றாவது, நேர்மையான சிறு வியாபாரிக்குக் கை கொடுக்க வேண்டும். சரக்கு வருவதற்கு முன்பே அது எந்தத் தலைப்பில் சேரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள, முன்கூட்டித் தீர்ப்புச் சொல்லும் சுங்க ஆணையங்கள் 2021-ல் டில்லியிலும் மும்பையிலும் ஏற்பட்டன. பெரிய துறைமுகங்கள் கொண்ட தமிழ்நாட்டுக்கு, சென்னையில் அப்படி ஒன்று வேண்டாமா? ஆடைக்கும் ஜவுளிக்கும் உரிய விதிகளை, படம் போட்டு, எளிய தமிழில் ஒரு சிறு புத்தகமாகக் கொடுத்தால் எத்தனையோ தகராறு குறையும். பொத்தான் எந்தப் பக்கம் என்று விளக்க ஒரு படம் போதும்.

நான்காவது, பட்டாசு வாங்குகிறவர்களின் கடமை. பெட்டியில் தயாரிப்பாளர் பெயரும் ஊரும் இருக்கிறதா, குறி சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஊர் பேர் இல்லாத பெட்டியைக் கடைக்காரர் நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். குழந்தையின் கையில் கொடுக்கப் போகிற பொருள் அது.

நாரணாபுரத்தில் ஒரு பெண் நாள் முழுவதும் உட்கார்ந்து பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறாள். கோணலாக ஒட்டினால் மேஸ்திரி திருப்பிக் கொடுத்துவிடுவார். அதற்குக் கூலி கிடையாது. ஒரு லேபிள் கோணலாக இருந்தாலே அவளுக்குக் கூலி இல்லை. கன்டெய்னர் கணக்கில் பொய்ப் பெயர் ஒட்டுகிறவர்களுக்கு என்ன கிடைக்கப் போகிறது? அடுத்த ஆடிப்பெருக்கு வருவதற்குள் சர்க்கார் இதற்குப் பதில் சொல்லட்டும்.